சீனிக் கட்டி வரும் பக்கம்

கதையில் வருகிற கெட்டவர்களுக்காக மல்லுக்கட்டிய ஒரே மனுசியை நான் கண்டிருக்கிறேன். நல்லவர்களைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. "அவுங்களுக்குத்தான் எழுதுனவனே இருக்கானே, அவன் பாத்துக்குவான்" என்பார். அவர் கவலைப்பட்டதெல்லாம் தம்பிகளின் சொத்தை அமுக்கிய அண்ணனையும், மருமகளைப் படுத்தியெடுத்த மாமியாரையும், தாலி கட்டுவதாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனவனையும் பற்றித்தான். எங்கள் தோட்டத்து லயத்துச் சனமே அவர்களைத் திட்டித் தீர்க்கும்போது இவர் மட்டும், "பொறுங்க, இன்னும் பக்கம் இருக்கில்ல" என்பார். பக்கமெல்லாம் முடிந்த பிறகும் அதையே சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. எனக்கும் வந்திருக்கிறது.

நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்தில், அவர் நாலாம் காம்பரா. மூன்றாம் காம்பராவில் என் அம்மா. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. விடிகாலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி அதைக் கூப்பிடுவார். மற்ற நேரமெல்லாம் அவர் எல்லோருக்கும் வாசிக்கிற அக்காதான். ஒடிசலான உடம்பு, காதுப்பக்கம் நூல் கட்டிய கண்ணாடி, கொழுந்துக் கறை ஏறி எத்தனை தேய்த்தாலும் போகாத விரல்கள். அவர் வாசித்த புத்தகங்களின் ஓரமெல்லாம் அந்தக் கறை இருக்கும்.

லயத்தைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு நீளக் கட்டடத்தை வரிசையாகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு குடும்பத்தைப் போட்டால் அது லயம், தடுப்பு ஒவ்வொன்றும் ஒரு காம்பரா. தடுப்புச் சுவர் ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே தகரக் கூரை எல்லாக் காம்பராவுக்கும் பொது. ஒரு காம்பராவில் கருவாடு பொரித்தால் எல்லோரும் மணந்துகொண்டுதான் சாப்பிட வேண்டும். புருசன் பெண்சாதி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது தீர்ப்பு வந்துவிடும். இருமுவதற்குக்கூட வாயைப் பொத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுசி தினமும் சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தை விரித்துச் சத்தமாக வாசித்தால் என்ன ஆகும். லயம் முழுக்கக் கதை கேட்கும்.

அவர் வாசித்தது தன் புருசனுக்கு. அந்த மாமாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. கதைப் புத்தகம் என்றால் உயிர். நடு வயதிலேயே கண் பார்வை மங்கி, வேலையையும் விட்டு, இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன்வாசல் தாழ்வாரத்தில், உட்கார்ந்துவிட்டார். அன்றையிலிருந்து அக்கா வாசித்தார். டிவி இருந்த காம்பராக்காரர்கள் அந்த நேரத்துக்குச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். குறைக்காவிட்டால் கங்காணி தன் காம்பராவிலிருந்தே கத்துவார். அவருக்கும் கதை வேண்டும், கேட்டால்தான் கௌரவம் குறைந்துவிடும்.

புத்தகங்கள் பதுளையிலிருந்து வரும். சந்தைத் தெருவில் பழைய பேப்பர் வாங்கி விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். கடைக்காரர்களுக்குச் சுற்றிக் கட்டும் தாள் அவரிடம்தான். அக்கா டவுனுக்குப் போனால் முதலில் அந்தக் கடைக்குள் நுழைவார். நானாவும் கதைப் புத்தகம் என்று தெரிந்தால் கிழிக்காமல் ஒதுக்கி வைப்பார். ஆனாலும் வந்து சேரும்போதே பாதிக்கு அட்டை இருக்காது, முன்பக்கம் இருக்காது. அதனால் எங்களுக்கு எந்தப் புத்தகத்தின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். கிணத்துக் கதை, கப்பல்காரன் கதை, ரயில் கதை. நடுவில் தாள் காணாமல் போயிருக்கும். அந்த இடம் வந்ததும் அக்கா வாசிப்பை நிறுத்தி, சுவருக்கு மேலே கேட்கிற மாதிரி, "இங்க ஒரு தாள் இல்ல. கடல சுத்திட்டாங்க" என்பார். லயமே உச்சுக்கொட்டும். மறுநாள் மலையில் கொழுந்து கிள்ளும்போது அந்தக் காணாமல்போன தாளில் என்ன நடந்திருக்கும் என்று பெரிய விசாரணை நடக்கும்.

அந்தப் பேச்சு இருக்கிறதே, அதுதான் சுகம். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்குக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, மழையில் நின்று பேசுகிற பேச்சு. கிணத்துக் கதை வாசித்த காலத்தில், தம்பிகளுக்குத் தண்ணீர் விடாமல் கிணற்றைப் பூட்டி வைத்த அண்ணன்மேல் எல்லோருக்கும் கொலைவெறி. கடைசிக் காம்பராவில் ஒரு சின்னம்மா இருந்தார், அவருக்குத்தான் லயத்திலேயே நீளமான நாக்கு.

"அந்தப் பெரியவன் தண்ணிக்குத் தவிச்சுத்தான் சாவணும்" என்றார் சின்னம்மா.

"ஏன் சின்னம்மா, சின்ன வயசுல அவன அந்தக் கெணத்துல தள்ளிவிட்டது யாரு? தம்பிகதானே" என்றார் அக்கா.

"அது எப்ப வாசிச்ச? நான் கேக்கலியே."

"போன வாரம். நீங்க அப்போ கருவாடு பொரிச்சிக்கிட்டு இருந்தீங்க. சட்டிச் சத்தத்துல கேட்டிருக்காது."

மேல் வரிசையிலிருந்து கங்காணி சத்தம் போடுவார். "வாயால கிள்ளாதீங்க, கையால கிள்ளுங்க." கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே, "அப்போ கெணத்த தொறந்துருவானா?" என்று கேட்பார்.

இதெல்லாம் பிற்பாடு நான் கூட நின்று பார்த்தது. நான் அந்த லயத்துக்குத் திரும்பி வந்த புதிதில் என்னோடு யாரும் பேசமாட்டார்கள்.

அக்காவின் இந்தக் குணம் புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லயத்துக்குப் பின்னால் அவர் வைத்த வாழை குலை தள்ளி, வெட்டுகிற பதத்தில் இருந்தபோது யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு வாசலில் தோல் கிடந்தது. என் அம்மா, "போய்க் கேளு" என்று அவரைத் தள்ளிவிடாத குறை. "அவுங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க, குடுக்க ஒண்ணும் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு இவர் சோறு வடிக்கப் போய்விட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. நானும் பிறகொரு நாள் கேட்டேவிட்டேன். "எல்லாருக்கும் நியாயம் இருக்குன்னா பெறகு அநியாயத்த யாருதான் செய்றாங்க அக்கா?"

"அதத் தேடித்தான் வாசிக்கிறேன். இன்னும் ஆப்புடல" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் கல்யாணம் கட்டிப் போனது மடுல்சீமைப் பக்கம். மகளுக்கு இரண்டு வயதானபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். புருசன் வீட்டில்தான் அனுப்பி வைத்தார்கள், பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. போய் ஒரு வருசம் ஆகவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அடுத்த போனில் பிள்ளை இல்லை. அங்கிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு வர ரோடே சரியில்லாத இடம், கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டதாம். என் பாஸ்போர்ட் அந்த வீட்டு எஜமானியிடம் இருந்தது. மண் போடக்கூட நான் வரவில்லை. வந்தபோது புருசன் வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அம்மாவின் காம்பராவுக்கு வந்தேன்.

வந்த அன்றைக்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பெரிய பால்மா டின். அந்த வீட்டில் சாயங்காலத் தேத்தண்ணியோடு எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுப்பார்கள். நான் அதைத் தின்னாமல் தாளில் சுற்றி டின்னுக்குள் போட்டு வைப்பேன், ஊருக்குப் போகும்போது மகளுக்கு. மகள் இல்லை என்று போன் வந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன். கை பழகிவிட்டது. இதை அம்மாவிடம் மெதுவான குரலில் சொன்னேன். அம்மா டின்னை மூடி வைத்தார், காலையில் கோழிக்குப் போட்டுவிட்டார். பக்கத்துக் காம்பராவில் அன்றைக்கு வாசிப்புச் சத்தம் இல்லை. அக்காவுக்குத் தலைவலியாக்கும் என்று நினைத்தேன்.

லயத்தில் எனக்கு என்ன பெயர் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பீலியடியில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். சின்னம்மா ஒருநாள் என் காதில் விழட்டும் என்றே சொன்னார். "பெத்த புள்ளயக் காச்சல்ல போட்டுட்டு அடுத்தவன் புள்ளைக்குச் சோறு ஊட்டப் போனவ. இவ முகத்துல முழிச்சா வெளங்குமா?" வயிற்றில் பிள்ளை இருந்தவர்கள் நான் வந்தால் உள்ளே போய்விடுவார்கள். மலையில் என் பக்கத்து வரிசை காலியாக இருக்கும். நான் பெரட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பகலெல்லாம் சுவர் ஓரமாகப் படுத்துக் கிடப்பேன். அம்மா வந்து சோறு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த நாட்களில் நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று எனக்கே பெரிய விருப்பம் ஒன்றும் இருக்கவில்லை.

அக்காவும் என்னிடம் வந்து ஆறுதல் சொல்லவில்லை. அவர் வாசிப்பது மட்டும் கேட்கும்.

அப்போது ரயில் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தன் சின்ன மகனை ஸ்டேசனில் தன் தகப்பனிடம் விட்டுவிட்டு ரயில் ஏறிப் பட்டணத்துக்கு ஒரு பங்களாவுக்கு ஆயா வேலைக்குப் போகிறாள். பிள்ளை தாத்தாவோடு கஷ்டப்பட்டு வளர்கிறான், பாட்டு கற்கிறான், ஊரே அவனைக் கொண்டாடுகிறது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. லயத்துக்கு அந்தத் தாயை ஆகவே ஆகாது. சுவருக்கு அப்பாலிருந்து அவளை ஏசுவார்கள், எனக்குத் தெரியும், பாதி ஏச்சு எனக்கு.

ஒரு சாயங்காலம் அக்கா வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கொஞ்சம் தட்டுத் தடுமாறினார். பல்ப் வெளிச்சம் போதவில்லை போலும். பிறகு நிதானமாக வாசித்தார். எனக்கு அது மனப்பாடம்.

"பங்களாவில் மாலைத் தேநீரோடு அவளுக்கு ஒரு சீனிக் கட்டி கொடுப்பார்கள். அவள் அதைத் தேநீரில் போடுவதில்லை. கசப்பாகவே குடித்துவிட்டு, சீனிக் கட்டியைத் தாளில் சுற்றி ஒரு தகரப் பெட்டியில் வைப்பாள். மகனுக்கு. வருசங்கள் போயின. மகன் சீனிக் கட்டி தின்னும் வயதைத் தாண்டிவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் வைத்துக்கொண்டே இருந்தாள். கை பழகிவிட்டது."

நான் எழுந்து உட்கார்ந்தேன். கடைசிக் காம்பராவிலிருந்து சின்னம்மாவின் குரல் கூரைக்குக் கீழே மிதந்து வந்தது.

"அப்போ அவ மறக்கலியா?"

"மறக்கல சின்னம்மா" என்றார் அக்கா. "புத்தகத்துல அப்பிடித்தான் இருக்கு."

நான் அழுதேன். பிள்ளை போனபோதுகூட அப்படி அழவில்லை, அங்கே அழ இடம் இல்லை. அழுதுகொண்டே நினைத்தேன், இதை எழுதியவன் யாராக இருப்பான். எங்கேயோ இருக்கிற, என்னைக் கண்ணால் கண்டிராத ஒருவனுக்கு என் பால்மா டின் எப்படித் தெரிந்தது. எனக்குப் பிஸ்கட், அவளுக்குச் சீனிக் கட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். எழுத்தில் வந்துவிட்டது என்றால் உலகத்தில் என்னைப்போல் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் குடத்தோடு பீலிக்குப் போனேன். சின்னம்மா தன் குடத்தை இழுத்து ஓரமாக வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ புடி" என்றார்.

அந்த ஒரு சொல்லில் இருந்துதான் நான் திரும்ப மனுசியானேன். பெரட்டுக்குப் போனேன், மலையில் வரிசை கிடைத்தது. கதைப் பேச்சில் வாய் திறக்கவும் ஆரம்பித்தேன். கப்பல்காரன் கதையில் சின்னம்மாவோடு நான் போட்ட சண்டையைக் கங்காணி வந்துதான் விலக்கினார்.

மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயத்தோடு ஆட்களை மூடிய பிறகு எல்லா மலைக்கும் பயம் வந்துவிட்டது. சில வருசங்களில் எங்கள் லயத்துக்குப் பின்னாலும் நிலம் வெடித்தது. இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்து, காத்திருந்து, கடைசியில் தனித்தனி வீடு கொடுத்தார்கள். அதற்குள் அம்மாவும் போய்விட்டார், மாமாவும் போய்விட்டார். ஒண்டிக்கட்டையான எனக்கு வீடு எதற்கு என்று நான் பதுளைக்கு வந்துவிட்டேன். டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை. முதலாளி தங்கமானவர்தான், உட்கார மட்டும் விடமாட்டார். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்ற நிலை. சேலையை விரிக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் மடிக்க வேண்டும், மறுபடி விரிக்க வேண்டும். சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது. பெரியவளாகி, சாமத்தியச் சடங்குக்குத் துணி எடுக்க வருகிற பிள்ளைகளைப் பார்த்து மனசுக்குள் வயசுக் கணக்குப் போடுவேன். என் மகள் அந்த வயசையும் தாண்டியிருப்பாள்.

போன வருசம் ஒருநாள் மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. நான் சேலை விரித்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், "இவதான் புள்ளய விட்டுட்டுப் போனவ." மெதுவாகத்தான் சொன்னாள். நான் சேலையை மடித்து வைத்தேன், அடுத்ததை விரித்தேன். இத்தனை வருசம் கழித்தும் அப்படியே இருக்கிறது. எனக்குச் சலித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அந்தப் பக்கம் வேண்டும்போல் இருந்தது. சீனிக் கட்டி வருகிற பக்கம். ஒருதரம் என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும், அச்சில்.

லீவு நாளில் அக்காவின் புது வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு, நாலு பக்கமும் சுவர் கூரைவரைக்கும் போயிருந்தது. கேட்க ஆள் இல்லாமல் பாவம் எப்படி இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டு போனால், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வாய் அசையாமல், சத்தமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாய மூடிக்கிட்டு வாசிக்கிறது எவ்ளோ சொகம் தெரியுமா" என்றார். "இத்தன வருசம் கத்திக் கத்தித் தொண்டையே போச்சு."

"மாமாவுக்குக் காது நல்லாத்தானே அக்கா கேட்டுச்சு. ஏன் கத்துனீங்க?"

சிரித்தார். நான் ரயில் கதையைக் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"அது எங்க கெடக்கோ. மண்டபத்துல கெடந்தப்ப நனைஞ்சு போயிருக்கும் புள்ள."

"அந்தா அந்தச் சாக்குல மேலதானே இருக்கு."

"வாசிச்சு என்ன செய்யப் போற? களைச்சுப் போய் வர்றவ. கதைய நானே சொல்றேன், உக்காரு."

நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தோடு வாசிப்பை விட்டவள் நான், எழுத்துக் கூட்டித்தான் ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து வாசித்தேன். முதலில் பக்கத்துக்குப் பக்கம் கொட்டாவி. பிறகு கண் ஓட ஆரம்பித்துவிட்டது. தாத்தா, ஸ்டேசன், பிள்ளையின் பாட்டு எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் யாரும் வாசித்துக் காட்டாமல் நானாக உள்ளே போய் வந்த மாதிரி இருந்தது. சாப்பிட மறந்த நாளும் உண்டு. அந்தத் தாய் வருகிற இடங்களில் மட்டும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வரியாகப் போனேன்.

சீனிக் கட்டி வரவில்லை.

அந்தத் தாய்க்கு எழுதியவன் ஒரு இரக்கமும் காட்டவில்லை. அவள் போகிறாள், தோடு போட்டுக்கொள்கிறாள், சிரிக்கிறாள், கடைசியில் மகன் பெரிய ஆளான பிறகு காசுக்கு வந்து நிற்கிறாள், அவன் கதவைச் சாத்துகிறான். முடிந்தது. தாள் ஏதும் விழுந்திருக்குமோ என்று பக்க எண்களைப் பார்த்தேன். அட்டைதான் இல்லை, உள்ளே ஒரு தாள்கூடக் குறையவில்லை. அவள் பங்களாவுக்கு வந்து சேருகிற பக்கத்தின் ஓரத்தில் மட்டும் கொழுந்துக் கறை மற்றப் பக்கங்களைவிடத் தடித்திருந்தது. விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் பிடித்திருந்தால்தான் அப்படிக் கறை ஏறும். அந்தப் பக்கத்தில் அவள் வந்து சேர்ந்தாள் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியைத் திறந்த அன்றைக்கு நான் அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அது லயம். அவர் வாசிப்பது எனக்குக் கேட்குமென்றால் நான் சொன்னது அவருக்குக் கேட்காதா. கை பழகிவிட்டது என்பதுகூட நான் சொன்ன சொல்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எங்கேயோ ஒருவன் என்னை அறிந்து எழுதி வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருசமும் காலையில் எழுந்து வேலைக்குப் போனேன். அவன் எழுதவில்லை. எழுதியவனும் சின்னம்மாவைப்போல, கடைக்கு வந்த அந்தப் பெண்ணைப்போலத்தான் எழுதியிருக்கிறான். இதை நான் வாசிக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அவரும் அதற்குத்தான் அத்தனை சாக்குச் சொன்னார்.

பௌர்ணமிப் போயா லீவுக்குப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். என் சங்கடத்தை ஊருக்கு வாசித்துக் காட்ட உங்களை யார் கேட்டது, புத்தகத்தில் இருப்பதாக ஏன் பொய் சொன்னீர்கள், இப்படி. போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும், பிறகு என் கையில் புத்தகத்தைக் கண்டதும், சுளகைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"அக்கா, இதுல சீனிக் கட்டி வர்ற பக்கம் இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கடல சுத்தியிருப்பாங்க புள்ள" என்றார்.

பக்க எண் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் உள்ள எல்லாக் கெட்டவர்களுக்காகவும் மல்லுக்கட்டிய மனுசி, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சண்டை போடத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

"ஆமாக்கா, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

கடைக்கு வந்த பெண் சொன்னதை அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. நான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"அந்த எடத்த ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க அக்கா."

"தாள்தான் இல்லையே புள்ள."

"பரவால்ல. வாசிங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தேடாமல் திறந்தார். கறை தடித்த பக்கம்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதுபோல, அதே பழைய உரத்த குரலில் ஆரம்பித்தார். கண்ணாடி மடியிலேயே கிடந்தது.

"பங்களாவில் மாலைத் தேநீரோடு அவளுக்கு" என்று வாசித்து, ஒரு நிமிசம் நின்று, "இரண்டு பிஸ்கட் கொடுப்பார்கள்" என்றார்.